நக்கலுக்கு நாற்பது நாள் விடுமுறை

எங்கள் ரூபாவதி அண்ணி இருபத்தாறு வருடமாக நர்ஸ். அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் கை நடுங்கியதாக யாரும் சொன்னதில்லை. வாய் சும்மா இருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை.

பசுமலையில் பிறந்து, அங்கேயே படித்து, அடுத்த தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அவருடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் வேலை பார்த்தார். கண்டிப்பான மனிதர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கை நீளும். அண்ணிக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒருநாள், “மணி என்னாகுது, இன்னும் என்ன தூக்கம்?” என்று அதட்டி எழுப்பியிருக்கிறார். “நீங்க அடிச்சாத்தானப்பா ஊருக்கே மணி தெரியும். நீங்க இங்க நின்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றாராம் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. ஓங்கிய கையோடு அப்பா சிரித்துவிட்டார். சிரிக்க வைத்தால் அடி விழாது என்பது அன்றைக்கு அண்ணிக்குப் பிடிபட்டுப்போனது. அதற்கப்புறம் அவர் அதை விடவே இல்லை.

நர்ஸிங் முடித்ததும் திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிற அறை அவருடைய பொறுப்பு. ஆறாத புண்ணைக் கழுவி, செத்த தோலை வெட்டி, மருந்து வைத்துக் கட்டுவது லேசான வேலை இல்லை. வருகிறவர்கள் பாதிப் பேர் பயத்தில் வருவார்கள், மீதிப் பேர் வெட்கத்தில் வருவார்கள். அண்ணி எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார்.

செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி தவசி ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடமாக வருகிறவர். வலது காலில் ஏற்கனவே ஒரு விரல் போய்விட்டது. ஒருநாள் சர்க்கரை அளவு எகிறிக் கிடந்தது.

“யாரு வீட்டுக் கல்யாணம்?” என்றார் அண்ணி, கட்டைப் பிரித்துக்கொண்டே.

“மச்சினன் மகளுக்கு, தாயி.”

“பாயசமா?”

“ஒரு வாய்தான் தாயி, சத்தியமா.”

“ஒரு வாய்தான், நம்புறேன். வாய் எம்புட்டுப் பெருசுன்னுதான் சொல்ல மாட்டேங்குறீங்க. இன்னும் நாலு வெரல் மிச்சமிருக்கு, நாலு கல்யாணம் தாங்கும். பாத்துச் செலவழிங்க.”

தவசி ஐயா விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் அண்ணி வெட்ட வேண்டியதை வெட்டிவிடுவார். வீட்டுக்குப் போய் அவர் மனைவி ரெங்கம்மாளிடம், “இன்னைக்கு சிஸ்டரு நல்லா வஞ்சிருச்சு” என்று வாங்கின திட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். ரெங்கம்மாளே எங்களிடம் சொன்னது இது.

பக்தியிலும் அண்ணியைக் குறை சொல்ல முடியாது. விடிவதற்கு முன் எழுந்து ஜெபம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் ஆலயத்தில் மூன்றாவது பெஞ்ச். ஆனால் ஆலயத்துக்குள் போனாலும் வாய் அதே வாய்தான். புது ஃபேன் மாட்டிய வாரம், அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, “சுத்துதுங்க. விசுவாசம் இருக்கவங்க கண்ணுக்குத்தான் தெரியும்” என்றார். பாட்டுக்குழு பாதிப் பாட்டில் நின்றுபோனது.

இதெல்லாம் போன வருடம் பிப்ரவரி வரைக்கும்.

ஆலயத்துப் பெண்கள் ஐக்கிய சங்கம் புதன்கிழமை சாயங்காலம் கூடும். அதற்குச் செயலாளர் லில்லிபுஷ்பம் டீச்சர். புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு முடிவு ஜெபம் அவருடையது. பிரேசிலுக்காக ஜெபித்தார். உருகுவேக்காக ஜெபித்தார். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று ஒவ்வொரு நாடாக, ஒவ்வொரு துறைமுகமாகப் போனார். இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் மேசையில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லோரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அந்த ஒரு நொடி அமைதியில் அண்ணியின் குரல் வந்தது.

“டீச்சர், அண்டார்டிகாவ விட்டுட்டீங்களே. பென்குயினுக்கெல்லாம் யாரு இருக்கா, பாவம்?”

நாற்பது பெண்கள் சிரித்தார்கள். கேசரி பரிமாறும்போதும் சிரித்தார்கள். டீச்சரும் லேசாகச் சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

டீச்சருக்கு ஒரே மகன், முகேஷ். சரக்குக் கப்பலில் வேலை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கப்பல் எந்த நாட்டில் நிற்கிறது, அடுத்து எங்கே போகிறது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. மூன்றாவது வாரம் டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். பிரேசில், உருகுவே, தென்னாப்பிரிக்கா என்று டீச்சர் சொன்னதெல்லாம் அந்தக் கப்பல் போகிற வழி. கடலுக்குள் போய்விட்டால் மகனிடமிருந்து பத்துப் பதினைந்து நாள் போன் வராது.

அண்ணி யூனிஃபாரத்தை மாற்றக்கூட இல்லாமல் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். ஹாலில் ஆளுயர உலகப் படம் மாட்டியிருந்தது. அதில் சிவப்புக் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன.

“டீச்சர், என்னைய மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாது.”

“தெரியாதுதான் ரூபா.” டீச்சர் காபி கலந்துகொண்டே பேசினார். குரலில் கோபமே இல்லை. “நீ சொன்னது எனக்கே சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தப்புறந்தான் யோசிச்சேன். நாப்பது பேரு சிரிச்சீங்க. எதுக்கு இத்தனை நாட்டுப் பேரச் சொல்றீங்கன்னு ஒருத்தர் கேக்கல.”

அண்ணி காபியைக் குடித்துவிட்டு, குண்டூசிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் புதன்கிழமை சங்கத்துக்கு டீச்சரை அவரே கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஜெபத்துக்கு முன்னால் எழுந்து நின்று, “டீச்சர், இந்த வாரம் கப்பல் எங்க நிக்குது?” என்று கேட்டார். சிங்கப்பூர் என்றார் டீச்சர். அன்றைக்கு நாற்பது பேரும் சிங்கப்பூருக்காக ஜெபித்தார்கள்.

அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் அண்ணிக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரமே லெந்து காலம் தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். சிலர் கறி சாப்பிட மாட்டார்கள், சிலர் காபி குடிக்க மாட்டார்கள். என் அண்ணன் பாண்டியராஜன் வருடா வருடம் பாகற்காயை விட்டுவிடுவதாகச் சொல்வான். அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது.

“நான் நக்கல விட்டுட்டேன்” என்றார் அண்ணி, சாப்பாட்டு மேசையில்.

அண்ணன் சிரித்தான். இதுவும் ஒரு நக்கல் என்று நினைத்துவிட்டான்.

அண்ணி அதற்கு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார். யூனிஃபாரப் பையில் ஒரு சின்ன டப்பா நிறையக் கிராம்பு. நாக்கு நுனிக்கு ஏதாவது வந்தால் உடனே ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொள்வது. முதல் நாள் பதினேழு கிராம்பு செலவானது. இரண்டாம் நாள் வாய் மரத்துப்போய், மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

முதலில் பாதிக்கப்பட்டவன் என் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், வீட்டில் ஓய்வு நேரத்தில் எதையாவது கழற்றி மாட்டுவான். அந்தச் சனிக்கிழமை மிக்ஸியைக் கழற்றி மாட்டியதில் மூன்று ஸ்குரூ மிச்சம் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அண்ணி, “சேத்து வைங்க, அடுத்த மாசம் அதுலயே ஒரு மிக்ஸி செஞ்சிரலாம்” என்பார். அன்றைக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டு, “பரவாயில்லங்க, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றார்.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தான். பிறகு தானாகவே வந்து நின்று, “கோவப்படாத ரூபா. குக்கர் விசில உடைச்சது நான்தான். உன் ஸ்கூட்டியில கீறல் போட்டதும் நான்தான்” என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். எந்தக் கேள்வியும் கேட்காமலே இரண்டு வருட உண்மை வெளியே வந்தது. அண்ணி மூன்று கிராம்பைச் சேர்த்துக் கடித்தார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் அண்ணியை உலுக்கியது.

செல்லூரிலிருந்து சுருளி என்று ஒருவர் வருவார். விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். இரண்டு வருடமாக உள்ளங்காலில் ஒரு புண். ஆறுவது போல இருக்கும், மறுபடி திறந்துகொள்ளும், ஏனென்றால் வரச் சொன்ன நாளில் பாதி நாள் வர மாட்டார். அன்றைக்கு அண்ணி ஒன்றும் பேசாமல் கட்டிவிட்டு, “வெள்ளிக்கிழம வாங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

சுருளி எழுந்திருக்கவில்லை. “சிஸ்டர், ஒண்ணு சொல்லலாமா? இப்பல்லாம் நீங்க பேசாம கட்டுறீங்க. நல்லாருக்கு.”

“ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?”

“இல்ல, முன்னயெல்லாம் இங்க வரணும்னா பஸ்ஸ விட்டு எறங்கி அந்த ஸ்டாப்புலயே பத்து நிமிசம் உக்காந்திருப்பேன். உள்ள போனா இன்னைக்கு என்ன சொல்லுவாங்களோன்னு. சில நாளு அப்படியே அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போயிருக்கேன்.”

அண்ணிக்குக் கையிலிருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “நான் என்னண்ணே சொன்னேன்?”

“மொத நாளு, எம் புண்ணப் பாத்துட்டுக் கேட்டீங்க. காலு உங்க வீட்டுலதான இருக்கு, இம்புட்டு நாளாக் கண்ணுல படலையா, பொண்டாட்டியாவது பாத்துச் சொல்லக் கூடாதா, அவுகளும் டிவி முன்னாடியே இருக்காகளான்னு. எல்லாரும் சிரிச்சாங்க.” சுருளி செருப்பை மெதுவாக மாட்டிக்கொண்டார். “அவ செத்து அப்ப நாலு மாசம். அவதான் தெனம் என் காலப் பாக்குறவ.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணியின் கிராம்பு டப்பாவுக்கும் வேலை இல்லாமல் போனது. கடித்து நிறுத்துவதற்கு ஒன்றும் நாக்குக்கு வரவே இல்லை. “பேசாம இருக்கவே நான் பொறந்திருக்கணும்” என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாராம். நாற்பது நாள் என்பதை ஆயுள் முழுக்க என்று மாற்றிக்கொள்வதாகவும் முடிவு செய்துவிட்டார்.

இந்த முடிவோடு இருக்கும்போதுதான் பதினேழாம் நாள் தவசி ஐயா வந்தார். கட்டைப் பிரித்தால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. உடனே எடுத்தாக வேண்டும். விட்டால் பாதத்துக்கு ஏறும். பழைய அண்ணியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. புது அண்ணி அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, “கவலப்படாதீங்க ஐயா. எல்லாம் நல்லபடியா நடக்கும். கடவுள் பாத்துக்குவாரு” என்றார்.

தவசி ஐயாவின் முகம் வெளுத்துப்போனது.

அண்ணி டாக்டரைக் கூப்பிடப் போனதும் அவர் ரெங்கம்மாளை அருகே இழுத்தார். “முடிஞ்சிருச்சுடி. அஞ்சு வருசத்துல இந்தப் புள்ள என்னைய வையாம ஒரு கட்டுப் போட்டதில்ல. இன்னைக்குக் கையப் புடிச்சுக்கிட்டுச் சாமி பேரச் சொல்லுது. வெரலு கிரலுன்னு சும்மா சொல்றாங்க. உள்ளுக்குள்ள வேற என்னமோ பெருசா இருக்கு.”

வார்டில் சேர்த்தார்கள். சர்ஜன் முத்துக்குமரன் வந்து பொறுமையாக விளக்கினார். ஒரே ஒரு விரல், அரை மணி நேர வேலை என்றார். தவசி ஐயா தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சாகிறது என்றாகிவிட்டது, எதற்கு இன்னொரு விரலும் குறையச் சாக வேண்டும் என்பது அவர் வாதம். மறுநாள் திருப்பூரிலிருந்து தங்கச்சி வந்தாள். அதற்கு மறுநாள் காலையில் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கிணற்றடி நிலம் மூத்தவனுக்கு, ரோட்டோரத்து நிலம் இளையவனுக்கு என்று கட்டிலில் படுத்தபடியே அவர் பிரித்துக்கொண்டிருந்தார்.

முத்துக்குமரன் நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தார். “சிஸ்டர், அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்லா இருப்பீங்கன்னு சொன்னேன் சார்.”

“நீங்களா?”

“ஆமா சார்.”

“அதான் பயந்துட்டாரு.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும் சிஸ்டர். இன்னைக்கு விட்டா நாளைக்குப் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். என்ன பண்ணுவீங்களோ தெரியாது.”

அண்ணி வார்டு வாசல் வரை போய் நின்றார். உள்ளே கட்டிலைச் சுற்றிப் பதினாலு பேர். பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். ஆசைப்பட்டதையாவது கொடுத்து அனுப்புவோம் என்று யாரோ ஜிலேபி வாங்கி வந்திருந்தார்கள். தவசி ஐயா சாய்ந்து உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய, மூன்றாவது ஜிலேபியைக் கையில் வைத்திருந்தார்.

சுருளியை நினைத்துத்தான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றதாக அண்ணி பிற்பாடு சொன்னார். பிறகு அந்தக் காட்சியைப் பார்த்ததும் வாயில் போட்ட கிராம்பைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

“யாரு செத்தது?”

வார்டே திரும்பிப் பார்த்தது.

“இல்ல, வேன் நிக்குது, சனம் அழுகுது. யாருன்னு தெரிஞ்சா நானும் ரெண்டு சொட்டு அழுதுட்டுப் போயிருவேன்.”

“நான்தான் தாயி” என்றார் தவசி ஐயா, ஈனக் குரலில்.

“நீங்களா? சொல்லவே இல்ல! எத்தன மணிக்குச் செத்தீங்க? கேஸ் ஷீட்டுல எழுதணும்.” அண்ணி பேனாவை எடுத்துவிட்டார். “இருபத்தாறு வருசத்துல எம்புட்டோ பாத்துட்டேன், செத்தவரு ஜிலேபி தின்னு இன்னைக்குத்தான் பாக்குறேன். யாரு வாங்குனது? நீயாப்பா? சாவுக்கு முன்னாடியே பால் ஊத்துறதுங்கிறது இதுதான் போல.”

ஜிலேபி வாங்கி வந்த மருமகன் ரெங்கம்மாளுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“போற உசுரா இது? எமனே வந்தாலும் உங்க சுகர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு, மொதல்ல இதக் கொறச்சுக்கிட்டு வாய்யான்னு திருப்பி அனுப்பிருவான். ஒரு வெரலுங்கய்யா! அதுவும் சுண்டு வெரலு. இருந்தப்பயே யாரும் கண்டுக்கல. அதுக்குப் போயி நெலத்தப் பிரிச்சுட்டீங்களே, நாளைக்குப் பொழச்சு வீட்டுக்குப் போனா எந்தப் பையன் வீட்டுத் திண்ணையில படுப்பீங்க?”

தவசி ஐயாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் கையிலிருந்த ஜிலேபி படுக்கையில் விழுந்தது. “வஞ்சிருச்சு! ரெங்கம்மா, சிஸ்டரு வஞ்சிருச்சுடி! அப்ப நான் சாகல!” என்று கத்தினார். பதினாலு பேரும் சிரித்தார்கள், ரெங்கம்மாள் மட்டும் அப்போதுதான் அழுதாள்.

“எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும், கொண்டாங்க” என்றார் தவசி ஐயா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மீதி மூன்று விரலும் பாதமும் தப்பின. பத்து நாளில் அவர் ஊருக்குப் போனார். பிரித்துக் கொடுத்த நிலத்தைத் திரும்ப வாங்கத்தான் ஒரு மாதம் ஆயிற்றாம்.

அண்ணி மறுநாள் ஆலயத்துக்குப் போய் ஆயரைப் பார்த்தார். எங்கள் ஆயர் முப்பது வயதுக்காரர், சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

“ஐயா, என் விரதம் முறிஞ்சுபோச்சு. பத்தொம்பதாம் நாளு, பதினாலு பேரு முன்னாடி. நடுவுல எமன வேற இழுத்துட்டேன்.”

முழுக் கதையையும் கேட்ட ஆயர், அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். பிறகு நிமிர்ந்து, “ஆண்டவரே கேலி பேசியிருக்காருக்கா. கொசுவ வடிகட்டிட்டு ஒட்டகத்த முழுங்குறவங்கன்னு சொன்னாரே, அத நேர்ல கேட்ட கூட்டம் சிரிக்காமயா இருந்திருக்கும்?” என்றார்.

“அது தெரியும் ஐயா. அத வச்சுத்தான் இம்புட்டு வருசமா வண்டிய ஓட்டுனேன்” என்றார் அண்ணி. “ஆனா அவரு யாரச் சொன்னாரு? மேல உக்காந்து அதிகாரம் பண்ணவங்கள. புண்ணோட வந்தவங்களத் தொட்டுக் கொணமாக்குனாரே தவிர, உன் காலு உனக்குக் கண்ணுல படலையான்னு கேக்கல.”

“அப்ப தவசி ஐயாவச் சொன்னது தப்பா?”

“அதுதான் ஐயா புரியல. அவரும் புண்ணோடதான் வந்தாரு. நான் வையலைன்னு செத்துப்போகப் பாத்தாரு.”

“எனக்குத் தெரியலக்கா” என்றார் ஆயர்.

“அந்த ஒரு வார்த்தையிலதான் அவரு மேல எனக்கு மரியாத கூடிப்போச்சு” என்று வீட்டில் வந்து சொன்னார் அண்ணி. “தெரியலன்னு சொல்ற ஆயர இப்பத்தான் பாக்குறேன்.” அண்ணன் சந்தேகமாகப் பார்த்தான். “இது நக்கல் இல்லங்க, சாட்சி” என்றார்.

விட்ட இடத்திலிருந்து அந்த விரதத்தை அவர் மறுபடி தொடங்கவில்லை. ஆயுள் முழுக்க என்ற முடிவும் போயிற்று. அதற்குப் பதிலாக வேறொரு பழக்கம் வந்தது. சில ஊசிகளைப் போடுவதற்கு முன்னால், உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கத் தோலில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். டெஸ்ட் டோஸ் என்பார்கள். அண்ணி இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் செய்கிறார். முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். பதிலை முழுதாகக் கேட்கிறார். அப்புறம் ஒரு சின்ன வார்த்தையை, தன்னையே கேலி செய்கிற மாதிரி, போட்டுப் பார்க்கிறார். முகம் மலர்ந்தால் அடுத்தது. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறார். எல்லா நேரமும் சரியாக வருகிறது என்று சொல்ல முடியாது. போன மாதம்கூட ஒரு பேங்க் மேனேஜர் கோபித்துக்கொண்டு போனார். அண்ணி அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

சுருளியிடம் அவர் நேரிலேயே மன்னிப்புக் கேட்டார். சுருளி தலையை அசைத்தார். அதற்கப்புறம் கட்டுப் போடும்போது அண்ணி தறியைப் பற்றிக் கேட்பார். ஒரு துண்டுக்கு எத்தனை இழை, இழை அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, தறிச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொள்வது என்று. அதற்கு மட்டும் சுருளி நிறையப் பேசினார். வரச் சொன்ன நாளிலெல்லாம் வந்தார். தினமும் காலைப் பார்ப்பதற்குக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றை அண்ணி வாங்கிக் கொடுத்து, எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்றும் காட்டிக்கொடுத்தார். ஆடி மாதம் புண் முக்கால்வாசி மூடிவிட்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, புண்ணின் மேல் வைத்துக் கட்டுகிற காஸ் துணியை அண்ணி மடித்துக்கொண்டிருந்தார். வலை மாதிரி இருக்கிற வெள்ளைத் துணி. சுருளி அதில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் ஜன்னலும், ஜன்னலில் காக்காயும் தெரிந்தன.

“சிஸ்டர், இத நெய்ஞ்சவன் யாரு?”

“தெரியலண்ணே. ஏன்?”

“இல்ல, பாதித் துணிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டான் போல.”

அறையில் இருந்த மூன்று நோயாளிகளும் சிரித்தார்கள். அண்ணி சிரித்த சிரிப்பில் கையுறை மேசையில் பட்டு அசுத்தமாகி, புதுசாக வேறு ஜோடி மாட்ட வேண்டியதாயிற்று. சுருளி மட்டும் ஒன்றும் சொல்லாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இதை எங்களிடம் சொல்லும்போதும் அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நீ என்ன பதில் குடுத்த?” என்றான் அண்ணன்.

“ஒண்ணும் குடுக்கல.”

“ஏன், ஒண்ணும் வரலையா?”

“வந்துச்சு. நல்லதா ரெண்டு வந்துச்சு” என்றார் அண்ணி, புடவையை மடித்து வைத்தபடி. “ரெண்டு வருசத்துல அந்த மனுசன் மொத மொதலா ஒண்ணு சொல்லியிருக்காரு. அது மேல போயி நான் எதுக்கு ஏறி உக்காரணும்?”